எண்ணெய் மாட்டுக்கு மட்டும்

அந்த வருஷம் மார்கழியில் ஒரு சாயங்காலம், முதல் ஷிஃப்ட் முடிந்து ஊதல் ஊதிய நேரத்தில், மரியகுழந்தையின் மாட்டைத் தங்கச் சுரங்கக் கம்பெனி கேட்டில் பிடித்து வைத்துவிட்டார்கள். மாடு மின்னுகிறது என்பது குற்றம்.

செய்தியைக் கொண்டுவந்தவள் பக்கத்து வீட்டு ஜெயம்மா.

"இன்னாடி மரியா, உன் மயிலையச் சோதனைக் கொட்டாயில கட்டி வெச்சிக்கிறாங்க. நகை போட்டுக்கினு வந்துச்சாம்."

"நகையா?"

"ஒடம்பு பூரா தங்கமாம். எங்க ஊட்டுக்காரரு பாத்துட்டு வந்து சொல்றாரு. கெங்கையம்மன் ஊர்வலம் மாதிரி வந்துச்சாம்."

மரியகுழந்தை துடைப்பத்தைச் சாத்தி வைத்துவிட்டு நடந்தாள். ஓடவில்லை. ஓடினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடும் என்று தோன்றியது. என்ன குற்றம் என்று தெரியாமலே அதை ஒப்புக்கொள்ளாமல் இருக்க இவ்வளவு கவனமாக நடக்கிறோமே என்று பாதி வழியில் அவளுக்கே வேடிக்கையாக இருந்தது. ஆனால் மாட்டை நினைத்து வந்த பயம் பழக்கமானது. இதற்கு முன் இரண்டு மாடுகள் அவளிடம் செத்திருந்தன.

முதல் மாடு உண்ணிக் காய்ச்சலில் போனது. காதுக்குள், வால் அடியில், மடிக்கும் தொடைக்கும் இடையில் ஆமணக்கு விதைகள் மாதிரி உண்ணிகள் கொழுத்துத் தொங்கின. ஒரு நாள் மாடு ரத்தச் சிவப்பாக மூத்திரம் போனது. நான்காம் நாள் விழுந்தது. இரண்டாவது மாட்டுக்கு உண்ணி ஏறியதும் மரியகுழந்தை பொறுக்கவில்லை. விளக்கில் இருந்த மண்ணெண்ணெயை எடுத்து உடம்பு முழுக்கத் தேய்த்தாள். உண்ணிகள் செத்தன. மாட்டின் தோல் வெந்து கொப்பளித்தது. அது தன்னையே நக்கி நக்கி, ஐந்து நாளில் செத்தது. கணவன் சகாயம், உண்ணிதான் கொன்றது என்றான். ஜெயம்மாவும் அதையே சொன்னாள். அவர்கள் சொன்னதற்கு அவள் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலுக்காக அவள் தன்னை மன்னிக்கவில்லை. கொன்றது தன் கை என்று அவளுக்குத் தெரியும்.

மூன்றாவதுதான் மயிலை. பேத்தமங்களாவில் கிடேரியாக வாங்கி ஓட்டி வந்தது. இருக்கிற குடிசை கம்பெனியுடையது, தெருக் குழாய் கம்பெனியுடையது, சகாயத்தின் பகல் எது இரவு எது என்பதையும் கம்பெனிதான் முடிவு செய்தது. அந்தத் தொழிலாளர் லைனில் மரியகுழந்தைக்கு என்று இருந்தது இந்த மாடு ஒன்றுதான். அதைத் தானே கொன்றுவிடக் கூடாது, வேறு யாரும் கொல்ல விடவும் கூடாது. அவளுக்கு இருந்த ஒரே பிடிவாதம் அது.

அவள் டாக்டர் பங்களா தோட்டத்தைக் கூட்டுகிறவள். அங்கே தைலமரங்கள் உண்டு. அடுப்பெரிக்க அந்தச் சருகைச் சாக்கில் கட்டிக் கொண்டுவருவாள். கிடேரி ஒரு நாள் சாக்கின்மேல் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது. மறுநாள் பார்த்தால் சாக்கில் பட்ட பக்கத்தில் உண்ணி குறைந்திருந்தது. மறுபக்கத்தில் எல்லாம் குடும்பத்தோடு குடியேறியிருந்தன. அதிலிருந்து ஆரம்பித்தது. சருகை வேகவைத்த தண்ணீரை ஊற்றிப் பார்த்தாள், போதவில்லை. ஜெயம்மாவிடம் சாராயம் வடிக்கிற பானைகள் இருந்தன. அடிப்பானையில் பச்சைத் தைல இலையும் எலுமிச்சம்புல்லும் தண்ணீரும், மேலே கவிழ்த்த சட்டியில் குளிர்ந்த தண்ணீர், நடுவில் தொங்கும் கிண்ணம். கிண்ணத்துத் தண்ணீரின்மேல் மெல்லிய ஏடாக எண்ணெய் மிதந்தது. மூன்று முறை வடித்தால் ஒரு கரண்டி. அதை முதலில் தன் முழங்கையில் தடவிக்கொண்டாள். எரிந்து சிவந்தது. புங்க எண்ணெயில் சில சொட்டு கலந்தாள். பிறகும் எரிந்தது. இன்னும் புங்க எண்ணெய் சேர்த்து, மூன்று நாள் தன் தோலிலேயே வைத்துப் பார்த்து, எரியவில்லை என்ற பிறகுதான் மாட்டைத் தொட்டாள். வாரம் இரண்டு தடவை, காது, வாலடி, தொடை இடுக்கு, கழுத்துத் தாடை. எல்லா உண்ணியும் விழுந்துவிடவில்லை. ஆனால் புதிதாக ஏறுவது நின்றது. மழைக்காலம் முழுவதும் மயிலைக்குக் காய்ச்சல் வரவில்லை. கன்றும் ஈன்றது.

"பானையில அந்த வாசனை இன்னும் போவல," என்பாள் ஜெயம்மா. "குடிக்கறவன்லாம் சளி வுட்டுப்போச்சுன்னு இன்னொரு கிளாஸ் கேக்கறான்."

சோதனைக் கொட்டகை வாசலில் மயிலை அசைபோட்டுக்கொண்டு நின்றது. வெள்ளையும் சாம்பலும் கலந்த அதன் வலது விலாவில், கழுத்திலிருந்து தொடைவரை மணல் அப்பியிருந்தது. சாய்ந்த வெயிலில் அது மினுமினுத்தது உண்மைதான். மரியகுழந்தைக்கு ஒரு கணம் பெருமையாக இருந்தது. அடுத்த கணம் அந்தப் பெருமை எங்கிருந்து வந்தது என்று கூசினாள்.

கேட்டுக் காவல் ஜமேதார் சம்பங்கி கோலார் பக்கத்துக்காரர். வீட்டில் கன்னடம், கேட்டில் தமிழ், பயந்தால் தெலுங்கு. கையில் கம்பெனி ஆர்டர் அச்சடித்த தாள் இருந்தது.

"இது உன் மாடாம்மா?"

"என்துதான்."

"நீ ஓட்டிக்கினு போனியா, அதுவா போச்சா?"

"அதுவா போவும், அதுவா வரும். காலைல ஊதல் ஊதினா மேய்ச்சலுக்குப் போவும். சாயங்காலம் ஊதினா திரும்பும்."

"ஷிஃப்ட் கணக்கா?"

"அதுக்கு ஷிஃப்ட்டு இன்னா தெரியும் ஜமேதாரே. சத்தம் கேட்டா நடக்கும்."

"எல்லாரும் அப்படித்தான்," என்றார் சம்பங்கி.

மேய்ச்சல் நிலம் வேலிக்கு அந்தப் பக்கம். வழி வேலிக்குள், கல் இடிக்கும் மில்லைச் சுற்றிப் போகும். மில்லுக்குப் பின்னால் மணல் மேடு. தங்கம் எடுத்து முடித்த மணல் என்று கம்பெனி சொல்லும். முடித்துவிட்டால் அதற்கு ஏன் வேலி என்று யாரும் கேட்டதில்லை. மார்கழிக் குளிருக்கு அந்த மணல் கதகதப்பாக இருந்திருக்கும். மயிலை அதில் படுத்துவிட்டு வந்திருந்தது.

"அது தங்கம் இல்ல ஜமேதாரே. உண்ணிக்கு எண்ணெய் போட்டேன். அதுல மணல் ஒட்டிக்கிச்சி."

சம்பங்கி மாட்டின் விலாவை விரலால் தொட்டு முகர்ந்தார். இரண்டு தும்மல் போட்டார்.

"எண்ணெய்னா இன்னும் கஷ்டம். எண்ணெய்ல மண்ணைவிட தங்கம்தான் நல்லா ஒட்டும்னு மில்லுல சொல்றாங்க. அதுங்காட்டிதான் ஆளுங்க யாரும் எண்ணெய் தேச்சிக்கினு எறங்கக் கூடாதுன்னு ஆர்டர். ஸ்வல்ப இரும்மா, பாக்கறேன்." தாளை மேலிருந்து கீழே படித்தார். "வேலிக்குள்ள இருந்து வெளிய போறது ரெண்டே. ஆளு, இல்லன்னா சாமான். ஆளு ஆனா டோக்கன் இருக்கணும். சாமான் ஆனா பாஸ் இருக்கணும். இதுக்கு ரெண்டும் இல்ல."

"நேத்தும் இதே மாடுதானே போச்சு?"

"நேத்து அது மாடு," என்ற சம்பங்கி கொஞ்சம் யோசித்தார். "இன்னிக்கு கேஸு."

இரண்டு சிப்பாய்கள் தேங்காய் நாரால் மயிலையைச் சுரண்டினார்கள். எண்ணெய்க் கசடும் மணலும் ஒரு தட்டில் விழுந்தன. காதுக்குள் விட்ட விரலில் உண்ணிகள் வந்தன. அவற்றையும் விடக் கூடாது, மாட்டின் உடம்பில் ஒளித்து வைத்த எதையும் விடக் கூடாது என்றார் சம்பங்கி. தகர டப்பாவில் போட்டு எண்ணினார்கள். இருபத்து மூன்று என்று ரிஜிஸ்தரில் எழுதினார்கள். மூடப்போகும்போது இருபத்திரண்டுதான் இருந்தது. ஒன்று நடந்து போயிருந்தது. கொட்டகைக் கதவைச் சாத்தி, ஷிஃப்ட் முடிந்து வந்த ஆட்களை எல்லாம் வெளியே நிறுத்தி, தரையில் குனிந்து தேடினார்கள். கடைசியில் அது சம்பங்கியின் கெண்டைக்காலில் அகப்பட்டது. அவர் முகத்தில் வருத்தத்தைவிட நிம்மதிதான் தெரிந்தது. டப்பாவை அரக்கு வைத்து மூடி, உருக்கிப் பார்க்கும் ஆபீசுக்கு அனுப்பினார்கள்.

மூன்று நாள் கழித்து அந்த ஆபீஸ் ரைட்டர் மாணிக்கராஜ் முடிவைக் கொண்டுவந்தார். சபையில் வேதம் வாசிக்கிறவர். சாதாரணப் பேச்சும் அந்தச் சுருதியிலேயே வரும்.

"உண்ணிகள் இருபத்து மூன்றும் உலையில் இடப்பட்டன. அவற்றில் தங்கம் காணப்படவில்லை. எண்ணெய்க் கசட்டில் தங்கம் காணப்பட்டது."

"எவ்ளோங்க?" என்று கேட்டாள் மரியகுழந்தை.

"தராசு அசைந்ததா அசையவில்லையா என்பதில் எங்களுக்குள் அபிப்பிராய பேதம் உண்டம்மா."

அசைந்தது என்றே கம்பெனி முடிவு செய்தது. அன்றிலிருந்து மயிலை வேலியைத் தாண்டும்போதெல்லாம் சலவைச் சோடா கரைத்த தண்ணீரால் கழுவித்தான் விட வேண்டும் என்று ஆர்டர் வந்தது. திங்கட்கிழமை போட்ட எண்ணெயைத் திங்கட்கிழமை சாயங்காலமே கழுவினார்கள். அவள் செவ்வாய்க்கிழமை மறுபடி போட்டாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கழுவினார்கள். வடிப்பதற்கு இலை போதவில்லை. எண்ணெயும் சோடாவும் மாறி மாறிப் பட்டுத் தோல் வறண்டு வெடித்தது. கட்டிப் போடலாம் என்றால் போட வைக்கோல் இல்லை. வேலியைச் சுற்றிப் போக ஆறு மைல்.

இரண்டாவது வாரம் வாலடியில் நான்கு உண்ணி. மூன்றாவது வாரம் அவள் எண்ணுவதை விட்டுவிட்டாள். காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் காதைத் தொட்டுப் பார்ப்பாள், சூடா என்று. பிறகு மாடு மூத்திரம் போகும்வரை பக்கத்திலேயே நிற்பாள். மஞ்சளாக வந்தால் அன்றைய நாள் ஆரம்பிக்கும். தன்னுடைய பயம் மாட்டைப் பற்றியதா, மண்ணெண்ணெய் தேய்த்த தன் கையைப் பற்றியதா என்று ஒரு நாள் கேட்டுக்கொண்டாள். இந்த மாடும் செத்தால் இந்தத் தடவை பழியைப் போட அவளுக்குக் கம்பெனி இருக்கும். அந்த எண்ணத்தில் ஒரு துளி ஆறுதல் ஒளிந்திருப்பதைக் கண்டதும் அவள் திடுக்கிட்டாள். அன்றே காவலுக்கு மேலதிகாரியான வெள்ளைக்காரத் துரையைப் பார்க்கப் போனாள்.

காவல் துரை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மாணிக்கராஜ் நடுவில் நின்றார்.

"துரையவர்கள் உன் பிரார்த்தனை யாது என்று வினவுகிறார்."

"தங்கம் திருடணும்னா இவ்ளோ வாசனை புடிச்ச எண்ணெய்லயா ரைட்டரய்யா திருடுவாங்க? அரை மைலுக்கு அந்தாண்டையே மூக்கப் புடிச்சிக்கிறாங்க. கேட்டுப் பாருங்க."

மாணிக்கராஜ் இங்கிலீஷில் இரண்டே வார்த்தை சொன்னார். துரை அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் சேலையை ஒதுக்கி முழங்கையில் இருந்த பழைய தழும்பைக் காட்டினாள். எத்தனை சொட்டு, எவ்வளவு புங்க எண்ணெய், எத்தனை நாள் என்று சொன்னாள். மண்ணெண்ணெயையும் சொன்னாள். "அந்த மாட்ட நான்தான் சாவடிச்சேன்," என்றாள். சகாயத்திடம்கூடச் சொல்லாதது. மாணிக்கராஜ் அதை மொழிபெயர்க்காமல் தொண்டையைச் செருமினார். பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது. சொல்லியாகிவிட்டது.

துரை நீளமாகப் பேசினார். மாணிக்கராஜ் தலையசைத்துக் கேட்டுக்கொண்டு திரும்பினார்.

"மாடு சாமானாக இருந்தால் தினந்தோறும் துரையவர்கள் பாசில் கையொப்பமிட வேண்டும். அவருக்கு அவகாசமில்லை. ஆளாக இருந்தால் ஒரு தடவை டோக்கன் கொடுத்தால் போதும். ஆதலால் அதை ஆள் என்று எழுதச் சித்தமாயிருக்கிறார்."

"எழுதிக்கட்டும்."

"ஆளைச் சோடாவில் கழுவுவது வழக்கமில்லை. கையால் சோதிப்பதே வழக்கம். ஆனால் ஆட்கள் எண்ணெய் தடவலாகாது. அதற்கு மருந்துச் சீட்டு கொடுக்கிறார். வெளிப்பூச்சு, உண்ணி நிமித்தம்." பேனாவை மையில் தோய்த்தார். "தகப்பன் பெயர்?"

"பேத்தமங்களாவுல எங்கியோ இருக்கும்."

பேத்தமங்களா என்றே எழுதிக்கொண்டார். வேலை என்ற இடத்தில் மேய்ச்சல் என்று எழுதினார். நாலாயிரத்துப் பதினேழாம் நம்பர் பித்தளை டோக்கன் மயிலையின் கழுத்தில் ஏறியது. சேர்ந்தாற்போல் மூன்று நாள் வராவிட்டால் டோக்கன் ரத்து என்று எச்சரித்தும் அனுப்பினார்.

முதல் நாள் கையால் சோதித்தபோது மயிலை சம்பங்கியைத் தொடையில் உதைத்தது. இரண்டாம் நாள் ஒரு சிப்பாயை. சோதனைக்கு இடம் கொடுக்காத ஆளுக்குப் பழையபடி சோடாதான் என்றார் சம்பங்கி நொண்டிக்கொண்டே. மாடு மரியகுழந்தையின் கைக்கு மட்டும் அடங்கும். அவள் காதைப் பிடித்துக்கொண்டு நின்றால் எங்கே விரல் விட்டாலும் அசையாது. ஆகவே மூன்றாம் நாளிலிருந்து மாட்டோடு அவளும் உள்ளே வரலாம் என்றார்கள். அந்தக் கொட்டகைக்குள் பெண் ஒருத்தி நுழைவது அதுதான் முதல் தடவை.

அவளுக்கு எண்ணெயின் நினைவுதான். காலையில் போட்டது காதுக்குள் காயாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே உள்ளே போனாள். மாட்டுக்கு முன்னால் இருந்த ஆள் கோவணத்தோடு நின்றான். கைகளைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினான். குடுமியை அவிழ்த்து உதறினார்கள். வாயைத் திறக்கச் சொல்லி, ஒரு சிப்பாய் விரலை விட்டுக் கன்னத்தின் உட்புறம் சுற்றி எடுத்தான். முழங்கால் உயரத்தில் ஒரு கட்டை இருந்தது. அதைத் தாண்டிக் குதிக்கச் சொன்னார்கள். எதையாவது ஒளித்திருந்தால் விழ வேண்டும். ஆள் குதித்தான். திரும்பிக் குதித்தான். மூன்றாவது தடவை குதித்து இறங்கும்போது அவளைப் பார்த்தான்.

அது சகாயம்.

அவள் மயிலையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தைல வாசனை கண்ணைக் கரித்தது. அவர்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். ஏழு வருஷமாகத் தினமும் இது நடந்துகொண்டிருந்திருக்கிறது. அவன் வீட்டுக்கு வந்து கை கால் கழுவி, சோற்றுக்கு உட்காருவான். கடைசியில் எப்போதும் வாயை மட்டும் இன்னொரு தடவை கொப்பளிப்பான். அது மண்வாசனை போவதற்காக என்று அவள் நினைத்திருந்தாள். கேட்டதில்லை. மாட்டைச் சோடாவில் கழுவினார்கள் என்பதற்காகத் துரை முன்னால் போய் நின்றவளுக்கு, இதைக் கேட்கத் தோன்றவில்லை. தெரியாமல் இருந்ததா, தெரிந்துகொள்ளாமல் இருந்ததா என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

"நாலாயிரத்துப் பதினேழு," என்று கூப்பிட்டார் சம்பங்கி. மயிலை முன்னால் நடந்தது.

அந்த வாரம் சகாயம் வரிசையில் கடைசி ஆளாக வர ஆரம்பித்தான். அவள் மாட்டை ஓட்டிக்கொண்டு போகும்வரை உள்ளேயே எங்கேயோ நிற்பான். முக்கால் மணி நேரம் தாமதமாக வீட்டுக்கு வருவான். சோற்றைப் போட்டாள், சாப்பிட்டான். மயிலையின் காதில் சூடு தணிந்திருந்தது. உண்ணி குறைந்துகொண்டே வந்தது. மாடு தேறத் தேற வீடு இறுகியது. லைனில் வேறு கிண்டல்.

"சகாயம், உனக்கு முன்னால பதினேழாம் நம்பருக்குச் சோதனை முடிஞ்சிடுதாமே," என்றான் எதிர்வீட்டுக்காரன். "சீனியரா அது?"

"அது நல்லா சம்பாரிக்குது," என்றான் சகாயம். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை, கோயிலிலிருந்து வந்து, அவள் எண்ணெய் கலந்துகொண்டிருந்தபோது அவன் எதிரில் வந்து குந்தினான்.

"துரைகிட்ட நல்லா பேசினியாமே. ரைட்டரு சொன்னாரு."

"மாடு செத்துடும்னு போனேன்."

"தப்புன்னு சொல்லல." கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "எனக்காவ நீ ஒன்னும் பேச வேணாம்மே. அங்க வந்து நிக்காத. அவ்ளோதான்."

"நான் நிக்கலன்னா அது ஒதைக்கும்."

"ஒதைக்கட்டும்."

"ஒதைச்சா சோடா. சோடான்னா உண்ணி. அப்பால இன்னா ஆவும்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியும்."

"நான் அந்தாண்ட திரும்பிக்கினு நிக்கறேன்."

"நீ திரும்பிக்கினு நிக்கிறது எனக்குத் தெரியுமில்ல," என்றான் சகாயம்.

மாடா நானா, இரண்டில் ஒன்று என்று கேட்கிற மனிதன் இல்லை அவன். அவன் கேட்காததாலேயே அது இரண்டில் ஒன்றாக அவள் முன்னால் நின்றது. மாட்டை விற்றுவிடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் அவன் வேண்டாம் என்பான், அந்த வேண்டாம் என்ற சொல்லைக் கேட்பதற்காகத்தான் தான் சொல்லப்போகிறோம் என்று தெரிந்தது. வாயை மூடிக்கொண்டாள். எண்ணெயில் இரண்டு சொட்டு அதிகமாக விழுந்துவிட்டது. புங்க எண்ணெயைச் சேர்த்துக் கலக்கினாள்.

"அது உன்கிட்ட மட்டும் ஏன் அடங்குது?" என்று கேட்டான்.

"என் கையில எப்பவும் இந்த வாசனை. போட்டா கடி நிக்கும்னு அதுக்குத் தெரியும்."

சகாயம் கிண்ணத்தை இழுத்து, இரண்டு விரலில் எண்ணெயை எடுத்துத் தன் கையில் தேய்த்துக்கொண்டான். முகர்ந்து முகத்தைச் சுளித்தான். மார்பிலும் கழுத்திலும் தேய்த்துக்கொண்டான். மாடு கட்டியிருந்த இடத்துக்குப் போய் நின்றான். மயிலை கழுத்தை நீட்டி அவன் தோளை முகர்ந்தது. அவன் காதைப் பிடித்தான். பிடிக்க விட்டது. வாலைத் தூக்கினான். மாடு காலை மாற்றி வைத்தது, உதைக்கவில்லை.

மரியகுழந்தை பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷம்தான். ஆனால் அதற்குள் ஒரு முள்ளும் இருந்தது. தனக்கு மட்டும் அடங்கும் என்பது போய்விட்டது. அதை இவ்வளவு நாள் அன்பு என்று நினைத்திருந்தோமே, வாசனைதானா என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு, அந்த வாசனையை உண்டாக்கியது யார் என்றும் தோன்றியது.

மறுநாள் சாயங்காலம் அவள் கேட்டுக்கு வெளியே நின்றாள். கொட்டகையின் பலகைச் சுவர் வழியாகப் பேச்சு கேட்டது.

"இன்னா சகாயம், நீயா புடிக்கிற மாட்ட?"

"நான்தான் ஜமேதாரே. ஊட்டுக்காரிக்கு வேலை இருக்குது."

நார் உரசுகிற சத்தம். மயிலை ஒரு தடவை மூச்சு விட்டது. உதை இல்லை.

"சரி, நாலாயிரத்துப் பதினேழு ஆச்சு. அடுத்தது நீ." பிறகு ஒரு தும்மல். இன்னொரு தும்மல். "யோவ், நீயும் எண்ணெய் போட்டுக்கினு வந்திருக்கிறியா?"

"போடலன்னா அது நிக்காது."

"ஷாஃப்டுக்குள்ள எண்ணெயோடவா போன?"

"இல்ல. மேல ஏறி வந்து, மாட்டண்டை வந்துதான் போட்டேன். எண்ணெய்த் துணிய முடிச்சில வெச்சிருந்தேன்."

"எங்க போட்டாலும் வேலிக்குள்ளதானே போட்ட. ஆளுக்கு எண்ணெய் கூடாது. ஆர்டர்."

"அதுவும் ஆளுதான். டோக்கன் கீது."

"அதுக்கு மருந்துச் சீட்டு இருக்குது. வெளிப்பூச்சு, உண்ணி நிமித்தம். உனக்கு உண்ணி இருக்குதா?"

"இல்ல."

"நல்லா யோசிச்சி சொல்லு."

வெளியே மரியகுழந்தை கயிறு இல்லாத கையை மூடித் திறந்தாள். இருக்கிறது என்று அவன் ஒரு வார்த்தை சொல்லலாம். சம்பங்கி வேண்டுமென்றேதான் இடம் கொடுக்கிறார். ஆனால் இருக்கிறது என்றால் தேட வேண்டும், எண்ணி எழுத வேண்டும், டப்பாவில் போட வேண்டும்.

"இல்ல ஜமேதாரே," என்றான் சகாயம்.

"அப்ப சோடா."

"ஊத்துங்க."

"தினமும் ஊத்தணும். எரியும்."

"மாட்டு மேல ஊத்தாம இருந்தா செரி."

வாளி உருளும் சத்தம் கேட்டது. யாரோ சிரித்தார்கள். அந்தப் பக்கக் கதவு திறந்து மயிலை மட்டும் முதலில் வெளியே வந்தது. கழுத்தில் டோக்கன், காதுக்குள் எண்ணெய் பளபளப்பு. மரியகுழந்தை கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குக் கிளம்பவில்லை. உள்ளே தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டாள். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று. காதைப் பொத்திக்கொள்ளலாம் என்று தோன்றியது. பொத்தவில்லை. பார்க்காதே என்று அவன் கேட்டிருந்தான், கேட்காதே என்று கேட்கவில்லை.

சகாயம் வந்தான். முடி நனைந்து ஒட்டியிருந்தது. தோலில் வெள்ளைப் பொருக்கு. கண் சிவந்திருந்தது. அவளைப் பார்த்ததும் நின்றான். அவள் வெளியேதான் நிற்கிறாள் என்பதை, அவளுக்கும் கதவுக்கும் இடையில் இருந்த தூரத்தைப் பார்த்து உறுதி செய்துகொண்டான்.

"ஒதைக்கல," என்றான்.

"தெரியும். கேட்டுச்சு."

மூன்று பேரும் லைனை நோக்கி நடந்தார்கள். குளிர்காற்று பட்டதும் அவன் தோள்களைச் சொறிந்துகொண்டான். அவள் முந்தானையை எடுத்து நீட்டினாள். வாங்கி முகத்தை மட்டும் துடைத்துக்கொண்டு கொடுத்தான்.

"நாளைக்கு எண்ணெய் கொஞ்சம் கம்மியாக் கொடு," என்றான்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு," என்றான் சகாயம். "அதுக்கில்ல."